ஜகாத், தசமபாகம், மகமை: வீட்டுச் செலவுக்கு முன்னா, பின்னா?

சிறு வணிகர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் கணக்கு எழுதித் தரும் தொழிலில் இருப்பதால், ஒரே கேள்வி மூன்று வெவ்வேறு வீடுகளிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன்: "அக்கா மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன், அதைத் தர்மக் கணக்கில் எழுதலாமா, வீட்டுச் செலவில்தான் எழுத வேண்டுமா?" கேட்டவர்களில் ஒருவர் முஸ்லிம்களின் கட்டாய தர்மமான ஜகாத் கொடுப்பவர், ஒருவர் கிறிஸ்தவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாக்கும் தசமபாகம் கொடுப்பவர், இன்னொருவர் உறவின்முறை எனப்படும் தம் சாதிச் சங்கத்துக்கு வியாபாரத்திலிருந்து மகமை கட்டுபவர். தமிழ்நாட்டில் ஒரே கடைவீதியில் அடுத்தடுத்து வழங்கும் இந்த மூன்று ஏற்பாடுகளையும் விகிதத்தை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். இரண்டரை சதவீதம் எளிது, பத்து சதவீதம் கடினம் என்று பேச்சு முடிந்துவிடும். பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு விகிதத்தைவிட முக்கியமாகத் தெரிவது, அந்தத் தொகை எந்த இடத்தில் கழிக்கப்படுகிறது, அப்போது குடும்பம் சாப்பிட்டு முடித்திருக்கிறதா என்பதுதான்.

தசமபாகம் வருமானத்தின் தலையிலேயே கழிக்கப்படுகிறது. மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், வாடகை கொடுப்பதற்கும் அரிசி வாங்குவதற்கும் முன்பே 3,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறார், ஆண்டுக்கு 36,000. வருங்கால வைப்பு நிதிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையில் பத்தில் ஒன்றா, கைக்கு வந்த தொகையில் பத்தில் ஒன்றா என்ற விவாதம் பல கிறிஸ்தவ வீடுகளில் இன்னும் தீரவில்லை. இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படும் மல்கியா 3:10, தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவரச் சொல்கிறது. ஆனால் அதே வேதாகமத்தில் உபாகமம் 14-ஆம் அதிகாரம் வேறொரு காட்சியைக் காட்டுகிறது: தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொடுப்பவனும் அவன் குடும்பத்தாருமே புசித்து மகிழ வேண்டும், மூன்றாம் ஆண்டின் பங்கு ஆலய ஊழியனான லேவியனுக்கும் அந்நியனான பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போக வேண்டும். விளைச்சலில் பிறந்த அந்த ஏற்பாட்டுக்குள் குடும்பமும் ஒரு பங்காளியாக உட்கார்ந்திருந்தது. மாதச் சம்பளத்துக்கு அதை மாற்றிக்கொண்டபோது, பத்தில் ஒன்று என்ற கணக்கு வந்து சேர்ந்தது. பந்தி வந்து சேரவில்லை.

இந்த முறையின் பலத்தையும் சொல்ல வேண்டும். முதலில் எடுத்து வைப்பவர் கொடுக்காமல் விடுவதில்லை. மாத இறுதியில் மிச்சம் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்பவர்களின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன், மிச்சம் என்ற பத்தியே அதில் இருக்காது. 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனெரி சங்கம் உள்ளூர்ச் சபையாரின் காணிக்கையை நம்பி வெளியூர் ஊழியத்துக்கு ஆள் அனுப்ப முடிந்தது இத்தகைய ஒழுங்கினால்தான். ஆனால் 30,000 ரூபாயில் எடுத்த பத்தில் ஒன்றும் 3,00,000 ரூபாயில் எடுத்த பத்தில் ஒன்றும் ஒரே தியாகம் ஆகா. முதலாவது வீட்டில் அது பிள்ளையின் பள்ளி வேன் கட்டணம். இரண்டாவது வீட்டில் அது இருப்புக் கணக்கின் ஒரு வரி. இதைத் தடுக்கும் கீழ்வரம்பு எதுவும் தசமபாகத்தில் இல்லை.

ஜகாத்தில் அந்தக் கீழ்வரம்பு இருக்கிறது. அதற்கு நிஸாப் என்று பெயர். தங்கத்தில் 85 கிராம், வெள்ளியில் 595 கிராம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்; நம் ஊர்ப் பேச்சில் ஏறத்தாழ பதினொரு பவுன். அந்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு, அதாவது ஏறத்தாழ 354 நாட்கள், கையில் நின்றால்தான் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகிறது. குடியிருக்கும் வீடு, உடை, தொழிற்கருவி ஆகியவை கணக்கில் வாரா. மேலே சொன்ன 30,000 ரூபாய்ச் சம்பளக்காரரிடம் சேமிப்பு ஒன்றும் நிற்காமல், மனைவியிடம் ஆறு பவுன் மட்டும் இருந்தால், அவ்வீட்டின் ஜகாத் பூஜ்யம். குடும்பம் உண்டு, உடுத்தி, ஓர் ஆண்டு கடந்த பிறகும் தங்கியதிலிருந்து மட்டுமே அது எடுக்கப்படுகிறது. விகிதம் குறைவு என்பதைவிட, அது வந்து நிற்கும் இடம் குடும்பத்துக்குப் பின்னால் என்பதே அதன் சிறப்பு.

இதற்கு விலை இல்லாமலில்லை. ஜகாத் வருமானத்தைப் பார்ப்பதில்லை, இருப்பைப் பார்க்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் ஹனபி, ஷாபி என்று வழிகள் உண்டு; ஹனபி வழியில் கணக்கிடும் ஒரு துணிக்கடைக்காரரிடம் 20 லட்ச ரூபாய்ச் சரக்கும் கொடுக்க வேண்டிய கடன் 8 லட்சமும் இருந்தால், மீதி 12 லட்சத்துக்கு 30,000 ரூபாய் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு வியாபாரம் நஷ்டத்தில் முடிந்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. தசமபாகம் கொடுப்பவருக்கோ நஷ்ட ஆண்டில் கடமையே எழாது. நகையின் கதை இன்னும் நுட்பமானது. ஹனபி வழியில் பெண்ணின் நகைக்கும் ஜகாத் உண்டு. இருபது பவுன் வைத்திருப்பவர் ஆண்டுக்கு அரைப் பவுன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வேரூன்றிய ஷாபி வழியிலோ வழக்கமான அளவில் அணியும் நகைக்கு விலக்கு உண்டு. இரு வழியாருக்குள் திருமணம் நடந்தால், மகளுக்குப் போட்ட அதே நகை மாமியார் வீட்டில் வேறு கணக்கில் ஏறும். ரமலானுக்கு முந்தைய வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றியவைதான்.

மகமை இவ்விரண்டிலும் சேராது. அது வீட்டின் வருமானத்தையோ சேமிப்பையோ தொடுவதேயில்லை. வணிகர்களின் சந்தைக் களமான பேட்டையில் சரக்கு கைமாறும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று பிரிந்துவிடுகிறது. பழைய இராமநாதபுரம் பகுதியின் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் உறவின்முறைகள் இந்தப் பணத்தைக் கொண்டே கோயிலையும் பள்ளியையும் பேட்டையையும் நடத்தின. கொடுத்தவருடைய வீட்டில் அது இழப்பாகவே உணரப்படவில்லை, ஏனெனில் ஒருநாளும் அது வீட்டுப் பணமாக இருந்ததில்லை. வட இந்திய வணிகர்கள் விலைப்பட்டியலில் தனி வரியாக வசூலிக்கும் 'தர்மாதா' பற்றிய பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில், 1970-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம், அறத்துக்கென்றே வாங்கிய தொகை வணிகரின் வருமானம் ஆகாது என்று கூறியதும் இதே உணர்வைத்தான். செட்டிநாட்டில் இன்னொரு வகையும் இருக்கிறது: நகரத்தாரிடையே மணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு 'புள்ளி'; புள்ளிக்கு இவ்வளவு என்று வரி விழும். அங்கே குடும்பமே அளவுகோல்.

மகமையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. வலிக்காமல் கொடுக்கப்படும் அந்தப் பணத்தின் சுமை பெரும்பாலும் வாங்குபவரின் விலைக்குள் ஏறிவிடுகிறது. பலனோ முதலில் சாதி வட்டத்துக்குள் சுழல்கிறது. எங்கே செலவிடுவது என்பதைச் சங்கத்து ஆண்கள் கூடி முடிவு செய்தார்கள். வீட்டுப் பெண்களுக்கு அதில் சொல் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. 1889-இல் விருதுநகரில், அன்றைய விருதுபட்டியில், தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலாவுக்கு மகமையோடு பிடி அரிசியும் சேர்ந்தது. உலைக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். சேர்ந்த அரிசியைப் பள்ளிக்காக வீடு வீடாக வாங்கிச் செல்வார்கள். அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார். தந்தை இறந்தபின் வீட்டு வறுமையால் படிப்பை விட்டதும் அங்கிருந்துதான். ஊர் அரிசி பள்ளியை நடத்தியது, ஆனால் அந்தப் பையனின் வீட்டு உலையை அது நிரப்பவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

மூன்றுக்கும் வெளியே ஓர் அளவுகோல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. "தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு" என்ற குறள், முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐவரை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தன்னைப் பேணுவதும் அங்கே கடமைப் பட்டியலில்தான் வருகிறது. "ஆற்றின் அளவறிந்து ஈக" என்ற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், வருவாயை நான்கு கூறாக்கி இரண்டைத் தன் செலவுக்கும், ஒன்றைப் பின்வரும் இடருக்கான வைப்புக்கும், நின்ற ஒன்றை ஈகைக்கும் ஒதுக்கச் சொல்கிறார். நாலில் ஒன்று என்பது மேற்கண்ட எல்லாவற்றையும்விடக் கனமான விகிதம். ஆயினும், இடர் வைப்பு என்ற ஒரு பெட்டியைத் தனியே காட்டியது அவரது கணக்கு ஒன்றுதான். ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதத்தில் எந்தக் குடும்பமும் அதன் அருமையை அறியும்.

இனி அக்கா மகளின் கட்டணத்துக்கு வருகிறேன். ஜகாத் கொடுப்பவருக்கு விடை தெளிவானது. பெற்றோர், பெற்ற பிள்ளைகள், மனைவி ஆகியோருக்கு ஜகாத் கொடுக்க முடியாது, அவர்களைக் காப்பது ஏற்கெனவே அவர் கடமை என்பதால். அக்கா மகள் ஏழையாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், தர்மத்தோடு உறவைப் பேணிய நன்மையும் சேரும். அவருக்கு அந்தத் தொகையை ஜகாத் கணக்கிலேயே எழுதினேன். மகமை கட்டுபவர் அந்தப் பணத்தைத் தானே எடுத்துக் கொடுக்க இயலாது; அக்காவின் பெயரில் சங்கத்து உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டார். அது வரும்வரை அவர் கட்டியது வீட்டுச் செலவில் நின்றது.

தசமபாகம் கொடுப்பவர்தான் தடுமாறினார். அவருடைய சபையில், தசமபாகம் முழுவதும் சபைக்கே சேர வேண்டும், உறவினருக்குச் செய்வது அதற்கு மேற்பட்டது என்று சொல்லியிருந்தார்கள். எனவே அவர் முதலில் தசமபாகத்தைச் செலுத்திவிட்டு, மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டியிருந்தார். அவரிடம் நான் வேதம் பேசவில்லை; அவரே பேசினார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கிவிடுவதை இயேசு கண்டித்த மாற்கு 7-ஆம் அதிகாரத்தையும், தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற 1 தீமோத்தேயு 5:8-ஐயும் அவர் நன்றாகவே அறிந்திருந்தார். "அக்கா மகள் என் வீட்டாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் சார்" என்றார். அது என் தொழிலுக்கு அப்பாற்பட்ட கேள்வி. அடகு வட்டியை மாதாமாதம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டுச் செலவு என்றே எழுதுங்கள்" என்றார்.