மணிக்கட்டு முறிவுக்குப் பின் மசாஜ்: காரைக்குடியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

உடம்பைப் பிடித்துவிடுவதால் முறிந்த எலும்பு கூடிவிடாது, கிழிந்த தசைநார் ஒட்டிவிடாது. வலியையும் இறுக்கத்தையும் சற்று நேரத்துக்குத் தணிப்பதே அதன் வேலை. அந்தச் சற்று நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கொடுத்த காசுக்குப் பயன் கிடைத்ததா இல்லையா என்று சொல்ல முடியும். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்த காலம் தொட்டு இன்றுவரை, சில ஆண்டுகளாக மசாஜைப் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மழைநாளில் வளவுப் பத்தியில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஈரம் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படி விழும்போது முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிவது, மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. எலும்பை நேராக்கி, ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது தோல் வறண்டு உரிந்தது, முன்கை மெலிந்திருந்தது, வீங்கியிருந்த விரல்கள் மடங்க மறுத்தன. கை கழுத்தில் கட்டிய தூளியிலேயே கிடந்ததால் தோளும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. எக்ஸ்-ரே படத்தில் எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் ஒரு டம்ளரைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை.

பிசியோதெரபி நிலையத்தில் எனக்குச் சிகிச்சை அளித்த பெண், முதல் நாளில் மணிக்கட்டை அழுத்தவே இல்லை. கையைத் தலையணைகள் மீது நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்து, சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, விரல் நுனியிலிருந்து முழங்கையை நோக்கி ஒரே திசையில், தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெதுவாக நீவினார். இவ்வளவு மென்மையாகத் தடவுவதற்கா இங்கே வந்தோம் என்று எனக்கு உள்ளூரச் சலிப்பாகத்தான் இருந்தது. தோலுக்கடியில் தேங்கிய நீர் நிணநீர் நாளங்கள் வழியே திரும்ப வேண்டும், அதற்கு அழுத்தம் தேவையில்லை, திசைதான் முக்கியம் என்று அவர் விளக்கினார். அதன் பிறகு முன்கைக்குப் போனார். விரல்களை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவற்றின் சதைப்பகுதி முன்கையில்தான் இருக்கிறது. அவற்றின் நாண்கள் மட்டுமே மணிக்கட்டைக் கடந்து விரலுக்குச் செல்கின்றன. ஆகவே மடங்காத விரலுக்கான இறுக்கத்தை அவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே தேடினார். கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்தி நிறுத்தியபோது, வலி நடுவிரல் வரை ஓடியது. “வலிச்சா சொல்லிருங்க ஆச்சி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க” என்றார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சவ்வுப் பகுதியைப் பிசைந்துவிட்டபோது கிடைத்த சுகத்தை இப்போது நினைத்தாலும் உணர முடிகிறது.

ஆனால் அந்தச் சுகத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. கை தளர்ந்திருந்த அதே சமயத்தில், வெதுவெதுப்பான நீரில் கையை அமிழ்த்தி, விரல்களை மூடித் திறக்கவும், கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடவும், உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பவும் வைத்தார். மசாஜ் முடிந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்ட நாள்களில் மறுநாள் காலையில் இறுக்கம் அப்படியே திரும்பியிருந்தது; பயிற்சி செய்த நாள்களில் அது சிறிதாவது குறைந்திருந்தது. என் முன்னேற்றத்தை அளக்க எனக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. முகப்புக் கதவின் நீண்ட இரும்புச் சாவியைத் திருப்ப முடிகிறதா, ஈரத் துணியைப் பிழிய முடிகிறதா என்று பார்த்தாலே போதும். அரிசிமாவில் நனைத்த துணியைப் பிழிந்தபடி நடுவீட்டுக்கோலத்தின் கோட்டை நடுங்காமல் இழுக்க முடிந்தபோதுதான் கை என்னுடையதாயிற்று.

தோளுக்கு மட்டும் சித்த மருத்துவத்தை நாடினேன். சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை 32 என்று வகுக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய தொக்கணத்தை, அதாவது உடம்பைப் பிடித்துவிடும் முறையை, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாகப் பிரிக்கிறது. உடம்பைப் பிடித்துவிடுவது வீட்டு வைத்தியம் என்று எண்ணியிருந்த எனக்கு, அதற்குள் இத்தனை நுணுக்கமான பகுப்பு இருந்தது வியப்பளித்தது. அசைத்தலும் இழுத்தலும் என் தோளுக்கு நன்றாக உதவின. நொச்சி இலை ஒற்றடமும் இதமாக இருந்தது. தைலத்தைப் பற்றிக் கேட்டால், விலை உயர்ந்த தைலத்துக்கும் காய்ச்சிய நல்லெண்ணெய்க்கும் என் தோள் வேறுபாடு காட்டவில்லை. சூடும் கையின் பக்குவமுமே பெரும்பங்கு வகித்தன என்பது என் கணிப்பு. கழுத்து, முதுகு வலிக்கும் இதே கதைதான். முதுகுவலிக்கான மசாஜ் பற்றி 25 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும், சிகிச்சை ஏதும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, அந்தப் பயன் நீடிப்பதாகத் தெரியவில்லை, சான்றுகளின் தரமும் குறைவு என்றே சொல்கிறது.

கை தேறிய பிறகு, தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை சென்றபோது கெண்டைக்காலுக்கு மசாஜ் பயன்பட்டது. குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடியோடு நடப்பவர்கள், இரவு தங்குமிடங்களில் ஒருவருக்கொருவர் கால் பிடித்துவிடுவது காலங்காலமாக நடப்பதுதான். மறுநாள் கால் எழும்புவதற்கு அது நிச்சயம் உதவுகிறது. ஊர் திரும்பியபின் நான் சென்ற ஒரு மசாஜ் நிலையத்தில், தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுப்பதாகச் சொல்லி, பல அமர்வுகளுக்கு முன்பணம் கேட்டார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமில அளவில் மாற்றம் இல்லை. பணம் கட்டாமல் திரும்பிவிட்டேன்.

வலித்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் மஞ்சுவிரட்டில் விழுந்து முழங்கை வீங்கி வந்தபோது, சுளுக்கு என்று சொல்லி அதை அழுத்தி உருவினார்கள். அடிபட்ட முழங்கையை அப்படி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளக்கூடும். அவனுக்கு அதுதான் நேர்ந்தது, இன்றும் கையை முழுவதுமாக நீட்ட முடியவில்லை. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் வீங்கிய இடத்தைத் தேய்க்கவோ அதற்குச் சூடு கொடுக்கவோ கூடாது. எலும்பு முறியவில்லை என்று தெரியும்வரை எவர் கையிலும் கொடுக்கவும் கூடாது. காலில் கட்டுப் போட்டோ படுக்கையில் கிடந்தோ எழுந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தமான மசாஜுக்குப் போகக்கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு ஒற்றடத்தின் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். என்னைப் போன்ற மணிக்கட்டு முறிவில், கட்டுப் பிரித்த பிறகும் கை எரிச்சலோடு சிவந்தோ நீலம் பாரித்தோ, தொட்டாலே தாங்க முடியாமல் வலித்தால், அது மசாஜ் செய்பவரிடம் போக வேண்டிய வலி அன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது முன்கையை நானே இடது கட்டைவிரலால் பிடித்துக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்காலத்தில் மட்டும் தோளுக்குத் தொக்கணத்துக்குப் போகிறேன். உள்ளங்கையை முழுவதுமாக மேலே திருப்புவதில் கடைசிச் சிறு பகுதி இன்னும் வரவில்லை. எலும்பு சற்றுக் குட்டையாகக் கூடியிருப்பதே காரணம் என்று படத்தைக் காட்டி மருத்துவர் விளக்கிய பிறகு, அதற்காக மசாஜுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டேன்.