கோபால்ட்டா, ஆக்ஸோபாரா? ஏரிப் படகும் நம் கடலும்

சிங்கப்பூரில் ஏரி என்று காட்டக்கூடியவை பெரும்பாலும் குடிநீர்த் தேக்கங்கள். அவற்றில் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சொந்தப் படகை நம் விருப்பத்துக்கு இறக்கி ஓட்ட வழியில்லை. ஆனால் ஏரிக்கு நிகரான ஒரு நீர்ப்பரப்பு நமக்கு வடகிழக்கில் இருக்கிறது. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலம் ஜோகூர் நீரிணையை நடுவில் அடைத்து நிற்கிறது. அதற்குக் கிழக்கே, பொங்கோலிலிருந்து புலாவ் உபின் வரையிலான குறுகிய பகுதியில் பெருங்கடலின் அலை பெரிதாக நுழைவதில்லை. காலை எட்டு மணிக்குப் போனால், கண்ணாடி விரித்ததுபோல் கிடக்கும். தெற்கே லாசரஸ், கூசு தீவுகளுக்குப் போகும் வழியோ முற்றிலும் வேறு: அங்கே காற்றே இல்லாத நாளிலும் விரைவுப் படகுகளும் இழுவைப் படகுகளும் கிளப்பிவிடும் அலைகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து மோதிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு நீரில் எதில் அதிகம் ஓட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் படகு பார்க்கப் போனதுதான் நானும் என் மைத்துனரும் செய்த முதல் தவறு.

இரு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதாகத் திட்டம். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர், எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா. வேகம் வேண்டும் என்பது மைத்துனரின் ஆசை. அதை நான் மறுக்கவில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. கடைசியில் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு: கோபால்ட் நிறுவனத்தின் 25 அடி வகுப்புப் படகு ஒன்று, ஆக்ஸோபார் 28 இன்னொன்று. இரண்டையும் வெள்ளோட்டம் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கோபால்ட் 1968-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நிறுவனம். அதன் தொழிற்சாலை இருப்பது கான்சஸ் மாநிலத்தின் நியோடெஷா என்ற சிற்றூரில். எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க நெடுந்தூரம் கார் ஓட்ட வேண்டிய இடம். ஏரியில் குடும்பத்தோடு ஒரு நாளைக் கழிப்பதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்துக் கட்டியவர்கள் என்பது படகில் கால் வைத்ததுமே தெரிந்துவிடுகிறது. முன்பகுதியில், அதாவது நாகப்பட்டினத்துக்காரரான என் தாத்தா அணியம் என்று சொல்லும் இடத்தில், இருபுறமும் சாய்ந்து கால் நீட்டி உட்காரும் மெத்தை இருக்கைகள். பின்புறத்தில் நீர்மட்டத்தை ஒட்டிய அகலமான நீச்சல் மேடை. அந்த மேடையிலிருந்து நீருக்குள் மடங்கி இறங்கும் ஒரு படி. அந்தப் படி சிறிய விஷயமாகத் தோன்றலாம். நீந்திக் களைத்த ஒன்பது வயதுப் பிள்ளை செங்குத்தான ஏணியைப் பிடித்துத் தொங்காமல், வீட்டு மாடிப்படி ஏறுவதுபோல் நீரிலிருந்து நடந்து மேலே வருவதைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அம்மா ஏறிய விதத்தையும் சொல்ல வேண்டும். மிதவைத் துறையில் நின்று ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் தோளில் வைத்து, முதலில் நீச்சல் மேடை, அடுத்து மெத்தையின் ஓரம், அப்புறம் தரை என்று மூன்று அடியில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். "இது பரவாயில்லப்பா, பஸ்ஸுல ஏறுற மாதிரிதான் இருக்கு" என்றார். உபின் பக்கம் போய்த் திரும்பிய ஒன்றரை மணி நேரமும் அவர் எதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை.

இந்தப் படகின் சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நாங்கள் ஓட்டியதில் மெர்குரூசரின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின், 350 குதிரைத்திறன். எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்க, பின்சுவரைத் துளைத்து வெளியே வந்து கால்போல் நீருக்குள் இறங்கும் பிராவோ த்ரீ என்ற உந்துபகுதியில் இரண்டு சுழல்விசிறிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழல்கின்றன. இதனால் படகு இழுபடாமல் நேராகப் போகிறது, துறையில் ஒட்டும்போதும் சொன்னபடி கேட்கிறது. நன்னீர் ஏரிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. நம் வெதுவெதுப்பான உப்புநீரிலோ கதை மாறுகிறது. இந்தக் கால் முழுதாக நீருக்கு வெளியே தூக்கப்படுவதில்லை. ஆகவே படகை நீரிலேயே கட்டிவைத்தால் சில வாரங்களில் கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகள் ஒட்டத் தொடங்கும், அலுமினியத்தை உப்பு அரிக்கும், அதைக் காப்பதற்காகத் தாம் கரையும் அனோடுத் துண்டுகளை விடாமல் கவனித்து மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எஞ்சினையும் காலையும் இணைக்கும் இடத்தைச் சுற்றித் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் உறை. அது நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், கிழிந்தால் கடல் நேராகப் படகுக்குள் வரும்.

கோபால்ட்டுக்கு முன்பு நாங்கள் பார்த்த, வேறொரு நிறுவனத்தின் பழைய படகு இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விற்க வந்த தரகர் போன வருடம்தான் எல்லாம் பார்த்துச் சரிசெய்ததாகச் சொன்னார். கரையேற்றிப் பார்த்தபோது ரப்பர் மடிப்பை என் மைத்துனர் விரலால் சற்று விரித்தார். உள்ளே நகக்கீறல்போல் வரிசையாக வெடிப்புகள். பராமரிப்புச் சீட்டைக் கேட்டோம். அதை அடுத்த நாள் அனுப்புவதாகச் சொன்னவர் அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. இவ்வகைப் படகை வாங்குவதானால் உலர் அடுக்கில், அதாவது படகுகளைக் கரையில் தட்டுத் தட்டாக ஏற்றிவைக்கும் இடத்தில், இடம் பிடித்துக்கொண்டு வாங்குங்கள்; ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீரால் கழுவி மேலே ஏற்றிவிட்டால் மேற்சொன்ன தொல்லைகளில் பெரும்பகுதி குறையும். எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கலாம் என்பதால், சாவியைத் திருப்புவதற்கு முன் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆக்க வேண்டும். கோபால்ட்டிலேயே வெளிப்புற எஞ்சின் பொருத்திய வகைகளும் உண்டு. எங்களுக்கு வாய்த்தது உட்புற எஞ்சின் வகை.

ஆக்ஸோபார் வேறு குணம். 2014-இல் பின்லாந்தில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் படகுகள் போலந்தில் கட்டப்படுகின்றன. 28 ஏறத்தாழ 9 மீட்டர் நீளம், அகலம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அணியம் கத்திபோல் ஒடுங்கி நேராக நீரில் இறங்குகிறது. அடிப்பகுதியில் குறுக்கே இரண்டு படிகள் வெட்டப்பட்டுள்ளன. வேகமெடுக்கும்போது அந்தப் படிகளின் வழியே காற்று உள்ளிழுக்கப்பட்டு, நீரோடு உரசும் பரப்புக் குறைவதால், 300 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை மெர்குரி வெராடோ வெளிப்புற எஞ்சினே மைத்துனரின் ஆசைக்குப் போதுமானதாக இருந்தது.

இதனைச் செந்தோசாவிலிருந்து தெற்கே ஓட்டிப் பார்த்தோம். தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகு ஒன்று எங்களுக்கு முன்னால் குறுக்கே கடந்தது. அதன் அலைவரிசை வருவதைப் பார்த்து நான் விசையைக் குறைப்பதற்குள் முதல் அலையை அடைந்துவிட்டோம். படகின் அடியில் பலமாக அடி விழும் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அணியம் அலையைக் கிழித்து இரு பக்கமும் ஒதுக்கிவிட்டு மெத்தென்று இறங்கியது. கோபால்ட்டில் முன்னிருக்கைகளுக்கு இடம் தருவதற்காக அணியம் அகன்றிருக்கிறது. அந்த அகலமே அமைதியான நீரில் சுகம், குறுக்கலையில் தண்டனை. ஒரு படகில் இரண்டையும் கேட்க முடியாது என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

குறை இல்லாமல் இல்லை. படி வெட்டிய அடிப்பகுதி கொண்ட படகை முழு வேகத்தில் அணியம் தாழ்ந்த நிலையில் சடாரென்று திருப்பினால், பின்பகுதி பிடி விட்டு வழுக்கக்கூடும். ஆகவே திருப்பத்துக்கு முன் வேகத்தைக் குறைக்கும் பழக்கம் வேண்டும், பதினாறு வயதாகி உரிமம் எடுக்கத் துடிக்கும் பிள்ளையிடம் சுக்கானைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லித்தர வேண்டும். எஞ்சின் பின்புறத்தின் நடுவில் நிற்பதால் நீச்சல் மேடை இரண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. கயிறு கட்டி மிதவையில் பிள்ளைகளை இழுக்கும்போதும் எஞ்சினைச் சுற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் அந்த எஞ்சினை முழுதாகத் தூக்கி நீருக்கு வெளியே நிறுத்திவிடலாம். பழுது பார்ப்பவர் நின்றபடியே மூடியைக் கழற்றலாம். உபின் பக்கச் சேற்றுத் திட்டுகளில் நீர் வற்றும் நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வெயிலுக்கு, காற்றில் படபடக்கும் துணிக்கூரை போதாது. ஆக்ஸோபாரின் டி-டாப் வகையில் நிலையான கூரை ஓட்டுநருக்கும் அருகில் இருப்பவர்களுக்கும் நிழல் தருகிறது; விடியலில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சுமத்ரா சூறை கிளம்பி மழை சாய்வாக அடிக்கும்போது மட்டும் அதுவும் உதவாது. சூறை வரும் என்று தெரிந்தால் புறப்படாமலிருப்பதே வழி.

உரிமத் தேர்வுக்குப் படிக்கும்போது அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: துறைமுகத்துக்குள் நுழையும்போது அங்கே சிவப்பு மிதவை வலப்புறம், இங்கே இடப்புறம். இந்தக் குழப்பத்தால் என் மைத்துனர் பயிற்சித்தாளில் மூன்று கேள்விகளைத் தவறவிட்டார். செலவுக் கணக்கில் விலையோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும், நீளத்தைப் பொறுத்துக் கூடும் நிறுத்தக் கட்டணத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கே மட்டும் ஓட்டுவோம், உலர் அடுக்கில் வைப்போம் என்றால் நான் யோசிக்காமல் கோபால்ட்டைச் சொல்வேன். வசதியில் ஆக்ஸோபார் அதன் அருகில்கூட வராது. எங்கள் பிள்ளைகள் லாசரஸ் கடற்கரையை ஒருமுறை பார்த்துவிட்டதால் வடக்கோடு நிற்கப் போவதில்லை. ஆக்ஸோபாருக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். விற்பனையாளரிடம் நாங்கள் கூடுதலாகக் கேட்டது இரண்டே பொருள்கள்: பக்கவாட்டில் ஏறும் இடத்தில் ஓர் எஃகுக் கைப்பிடி, துறையில் வைக்க வழுக்காத ரப்பர் ஒட்டிய ஒரு கால்மணை. அந்தக் கால்மணையின் உயரத்தை அம்மாவே எங்கள் அடுக்ககப் படிக்கட்டில் நின்று அளந்து சொன்னார்: ஒரு சாண், அதற்கு மேல் வேண்டாம்.