மின்வெட்டு நின்ற பிறகு: டர்பனில் ஒரு பகிர்வு அலுவலகம், மூன்றரை ஆண்டு அனுபவம்

2024 மார்ச் 26-ஆம் தேதியோடு தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங், அதாவது மின்சாரப் பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, நின்றது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் போய், ஒரு மாதமும் போய், "நிஜமாகவே நின்னுடுச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட பிறகுதான் நம்பிக்கை வந்தது. வீட்டில் எனக்கு அவ்வளவு நிம்மதி. அலுவலகத்தில்தான் வயிற்றைப் பிசைந்தது. டர்பன் ஓவர்போர்ட்டில் ஒரு கடைக்கு மேலே, முதல் மாடியில், நானும் என் மதினியும் (என் வீட்டுக்காரரின் அக்கா) சேர்ந்து, பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் ஒரு பகிர்வு அலுவலகம் நடத்துகிறோம். மொத்தம் 24 மேசைகள். அந்தப் பிப்ரவரியில் எல்லாம் நிறைந்து ஆறு பேர் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். ஜூன் முடிவில் 11 மேசைகளில்தான் ஆள் இருந்தது.

அதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் மேசைக்காக வரவில்லை, கரண்டுக்காக வந்திருக்கிறார்கள். கரண்டுக்காகச் சத்தத்தையும் வெக்கையையும் சமையலறைச் சண்டைகளையும் பொறுத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே விளக்கு எரிய ஆரம்பித்ததும் பொறுத்துக்கொள்ளும் அவசியம் போய்விட்டது. எங்கள் இடத்தில் என்னென்ன குறை என்று எனக்குப் புரிந்ததே அதற்குப் பிறகுதான். இப்படி ஓர் இடம் தொடங்கலாமா என்று கேட்டுக் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் பலர் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே பட்டதையெல்லாம் எழுதுகிறேன்.

நாங்கள் திறந்தது 2022 மார்ச்சில். அடுத்த மாதமே, ஏப்ரல் 11, 12 தேதிகளில், டர்பனையே புரட்டிப்போட்ட வெள்ளம். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். எங்கள் மாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. இருபது பேர் உட்காரும் இடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லையென்றால் பூட்டிவிட்டுப் போவதைத் தவிர வழி கிடையாது. மதினி டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் பாட்டியிடமிருந்து வந்த வீட்டுத் தமிழ் மட்டும்தான். அன்றைக்கு அவர் போனில் சொன்னது மூன்றே சொற்கள்: "தண்ணி இல்ல. சாத்து." பதினோரு நாள் சாத்தியிருந்தோம். திறந்ததும் முதல் செலவாகப் பின்கட்டில் 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் ஒரு சிறு பம்ப்பும் வைத்தோம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் தண்ணீர் நிற்பது வாடிக்கையாகிவிட்டது. இடம் பார்க்கிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தொட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி மின்சாரம். லோட் ஷெட்டிங்கில் ஒவ்வொரு நிலைக்கும் 1,000 மெகாவாட் கணக்கு. ஆறாம் நிலை என்றால் நாடு முழுவதும் 6,000 மெகாவாட் நிறுத்தப்படும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வெட்டும் இரண்டு மணி நேரம், கூடவே ஓர் அரை மணி இழுக்கும். மோசமான நாட்களில் நான்கு தடவை கூடப் போகும். 2023-தான் எல்லாவற்றிலும் கொடுமையான ஆண்டு. பிப்ரவரியில் அரசு தேசியப் பேரிடர் நிலையே அறிவித்தது.

நான் முதலில் வாங்கியது 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் இரண்டும். கணக்குப் போடாமல் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து காகிதத்தில் 2.4 யூனிட். ஆனால் இந்த வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, ஆக கையில் இருப்பது 1.2 யூனிட்தான். இருபது மடிக்கணினி, விளக்கு, ரவுட்டர் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், மறுபடி நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கரண்டு போகிற ஊரில் அது ஒருநாளும் நிறையாது. ஏழு மாதத்தில் இரண்டும் செத்தன. பிறகு 8 கிலோவாட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரிகள் இரண்டும் வைத்தோம். பதிவுபெற்ற மின்பணியாளரின் கூலி, அவர் தரும் தகுதிச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,30,000 ராண்ட். அந்தச் சான்றிதழை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். தீ விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டே மணி நேரத்தில் நிறைந்துவிடும் அந்த பேட்டரிகள், மூன்றாவது ஆண்டிலும் சொல்லும்படியாகத் தளரவில்லை.

ஆனாலும் முதல் வாரமே இன்வெர்ட்டர் சுமை தாங்காமல் நான்கு தடவை அணைந்தது. கெட்டில் 2 கிலோவாட், மைக்ரோவேவ் 1.5, லேசர் பிரிண்டர் சூடேறும் நொடியில் இன்னொரு கிலோவாட். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால், ஏசியும் மற்றதுமாக ஏற்கெனவே இருக்கும் சுமையோடு சேர்ந்து, அவ்வளவுதான். கெட்டில் பொத்தானை அழுத்தியவர் கூனிக்குறுகி நிற்க, இருபது பேர் அவரையே பார்ப்பார்கள். சுவரில் எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. கடைசியில் மின்பலகையை இரண்டாகப் பிரித்தோம். விளக்கு, மேசை, இணையம் ஒரு பக்கம். கெட்டில், மைக்ரோவேவ், பிரிண்டர், ஏசி இன்னொரு பக்கம், அதற்கு பேட்டரி இணைப்பே கிடையாது. தேநீருக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கிவைத்தோம். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. மனிதர்களை மாற்றப் பார்ப்பதைவிடக் கம்பியை மாற்றுவது எளிது என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இணையத்தில் வேறு மாதிரிப் பாடம். நம் ரவுட்டர் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஃபைபர் செத்துவிடும். தெருமுனைப் பெட்டியிலும் செல்பேசிக் கோபுரத்திலும் இருக்கும் பேட்டரிகளும் எங்கள் பழைய பேட்டரிகளைப் போலவேதான். அடுத்தடுத்து வெட்டு வந்தால் அவையும் நிறையாது. ஒரு ஃபைபர், வேறு வலையமைப்பின் எல்டிஇ (செல்பேசி இணைய) சிம் ஒன்று, ஒன்று விழுந்தால் தானாகவே இன்னொன்றுக்கு மாறும் ரவுட்டர் என்று அமைத்த பிறகுதான் தூக்கம் வந்தது. வேகம் வாங்கும்போது பதிவிறக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் முகம் காட்டிப் பேசினால் அடைபடுவது பதிவேற்றம்தான்.

இவ்வளவும் செய்து, 2024 தொடக்கத்தில் எல்லாம் கைக்குள் வந்துவிட்டது என்று இருந்தபோதுதான் கரண்டு போவது நின்றது, ஆட்களும் போனார்கள்.

விலகியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காபிக்கு உட்காரவைத்துக் கேட்டேன். இலண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதும் ஒரு தங்கை, இங்கே ஐந்தாம் தலைமுறைத் தமிழ்ப் பெண், தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள்: "அக்கா, நான் பேசும்போது என் வாடிக்கையாளருக்கு என் குரலைவிடப் பக்கத்து மேசைக்காரர் குரல்தான் நன்றாகக் கேட்கிறது. ஒன்றரை வருடம் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன்." எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒன்றரை வருடம் ஒரு பெண் என் இடத்தில் உட்கார்ந்து கூசிக்கொண்டு இருந்திருக்கிறாள், எனக்கு அது தெரியவே இல்லை. அதே பதிலை மேலும் ஐந்து பேர் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

அதனால் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். எங்கள் இடம் பழைய கிடங்கு: டைல்ஸ் தரை, உயரமான கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. படத்தில் அழகாக இருக்கும், பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலிக்கும். முதலில் சுவர் முழுக்கக் கூம்புக் கூம்பாக ஃபோம் அட்டை ஒட்டினேன். காசு வீண். அது சுருதி உயர்ந்த சத்தத்தின் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவே. ஒருவர் பேச்சு அடுத்தவர் காதுக்குப் போவதைத் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் கனமான, இடைவெளியில்லாத சுவர் வேண்டும்.

போனில் பேசுவதற்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் சின்னப் பேச்சறைகளின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு தச்சரை வைத்து இரண்டு அறைகள் செய்தோம்: இரண்டடுக்கு ஜிப்சம் பலகை, நடுவே கனிமக் கம்பளி, கதவைச் சுற்றி ரப்பர் விளிம்பு. சத்தம் நின்றது. ஆனால் காற்றும் நின்றது. பிப்ரவரி டர்பனில் காற்றில்லாத ஒரு பெட்டிக்குள் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மின்விசிறிக்காக ஒரு ஓட்டை போட்டால் அதன் வழியே பேச்சு வெளியே கசியும். மூன்றாவது முயற்சியில், காற்றுக்குழாயை இரண்டு இடத்தில் வளைத்து உள்ளே கம்பளி ஒட்டியபோதுதான் காற்று போய் வந்து, பேச்சு உள்ளேயே நின்றது. தரைக்குக் கம்பளமும் கண்ணாடிக்குக் கனத்த திரையும் அதற்குப் பிறகு வந்தன. எல்லாவற்றுக்கும் முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான். செலவு குறைவு, வித்தியாசம் உடனே தெரிந்தது.

இன்னொன்றைக் கடிகாரம் சொல்லிக்கொடுத்தது. இந்தியா எங்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். சென்னையோடு பேசுகிறவர்களுக்கு இங்கே காலை எட்டிலிருந்தே அழைப்பு தொடங்கிவிடும். இலண்டன்காரர்கள் பத்தில் சேர்வார்கள். அமெரிக்கா மூன்று மணிக்கு மேல். பத்து முதல் பன்னிரண்டு வரை மூச்சுவிட முடியாது. இப்போது உறுப்பினராகச் சேரும்போதே எந்த நாட்டோடு வேலை என்று கேட்டுத்தான் மேசை ஒதுக்குகிறேன். எழுதுகிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் பின்பக்கம், பேசுகிறவர்கள் பேச்சறைகளுக்கு அருகில்.

வெக்கையைப் பற்றி: மின்வெட்டு நேரத்தில் ஏசி ஓடாது, சன்னல்களைத் திறந்துவிடுவோம். திறந்தால் குரங்கு வரும். டர்பன்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பிகளுக்கு இடையே குட்டி நுழைந்து கதவுத் தாழ்ப்பாளைத் தவிர மற்றதையெல்லாம் திறக்கும். ஒருவருடைய ரொட்டிக்காகப் பாய்ந்ததில் இன்னொருவருடைய மடிக்கணினி கீழே விழுந்து திரை போனது. யார் ஈடுகட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதியிருக்கவில்லை. பாதியை நாங்கள் கொடுத்தோம். மறுவாரமே எல்லாச் சன்னலுக்கும் வலை அடித்தோம். கடற்காற்றின் உப்பு ஏசியின் வெளிப்பெட்டியை அரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவாத ஆண்டில் ஒன்று துருப்பிடித்தே போயிற்று.

சமையலறையில் நான் தனியாகத் தோற்றிருப்பேன், மதினி காப்பாற்றினார். ஒரே குளிர்பெட்டியில் ஹலால் பார்க்கிறவர்கள், மாட்டிறைச்சி தொடாதவர்கள், சுத்த சைவர்கள். புரட்டாசி வந்தால் இங்கே தமிழ் வீடுகளில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. அந்த மாதத்தில்தான் ஒருவர் மைக்ரோவேவில் மீன் குழம்பைச் சூடாக்கினார். வாடை மூன்று மணி நேரம் போகவில்லை, இரண்டு பேர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள். தப்பு மீன்காரர் பேரில் இல்லை, அவருக்குப் புரட்டாசி தெரியாது. நான் விதிமுறை எழுத உட்கார்ந்தேன். மதினி எழுதவில்லை. மறுநாள் தன் வீட்டிலிருந்து பழைய மைக்ரோவேவ் ஒன்றைக் கொண்டுவந்து, சைவத்துக்கு மட்டும் என்று பச்சை நாடா சுற்றிவைத்தார். குளிர்பெட்டித் தட்டுகளுக்கும் அதே நாடா. சைவம் சாப்பிடுகிறவர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து அன்று பருப்பும் சோறும் சாப்பிட்டார், மீன்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் ஒரு புகார் வந்ததில்லை. இந்த வேலைக்குச் சம்பளக் கணக்கில் பெயர் கிடையாது. ஆனால் ஒரு பகிர்வு அலுவலகத்தில் முழுநேரமும் இருக்கும் ஒரு மூத்தவர் இல்லையென்றால், எத்தனை செயலி வைத்தும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பணம். எங்கள் குத்தகையில் வாடகை ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2024-இல் ஐந்து மாதம் கைக்காசு போட்டோம். மாதக் கட்டணம் மட்டும் வைத்திருந்ததுதான் என் பெரிய தவறு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறவர் 2,200 ராண்ட் தரமாட்டார். 10 நாள் சீட்டு ஒன்றை, மூன்று மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொண்டுவந்ததும் மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். பாதுகாப்பு நிறுவனத்துக்கான மாதக் கட்டணம், வாசல் கேமரா, இரவில் வேலை செய்கிறவர்களை வண்டி வரை கொண்டுவிடும் காவலர் என்று இந்த ஊருக்கே உரிய செலவுகளையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை மாலை, பத்து மாதத்துக்குப் பிறகு லோட் ஷெட்டிங் திரும்ப வந்தது. சனிக்கிழமை காலைக்குள் ஒன்பது பேர் போன் செய்துவிட்டார்கள், எல்லோரும் பழைய உறுப்பினர்கள். மேசை இருக்கிறதா, திங்கட்கிழமையே வரலாமா? திங்களுக்குள் அது முடிந்தும் போனது, ஒன்பதில் இரண்டு பேர்தான் வந்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி இலண்டன் கணக்குத் தங்கை. பேச்சறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, எனக்கே போன் போட்டு, "அக்கா, இப்போ நான் பேசுறது வெளியே கேட்குதா?" என்றாள். அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்த எனக்கு உதடு அசைவது தெரிந்தது, குரல் போனில் மட்டும்தான் கேட்டது. அவள் இன்றுவரை வருகிறாள்.

இப்போது 19 மேசைகளில் ஆள் இருக்கிறது. இரண்டாவது பேச்சறையின் மின்விசிறி மட்டும் இன்னும் முனகுகிறது. புரட்டாசி முடிந்ததும் தச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.