ஏழு ஆண்டுகள், பதினொரு சீ.ஆர். கொப்பிகள்

2018 கடைசியில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் என் முதல் சீ.ஆர். கொப்பியை வாங்கினேன். கெட்டி அட்டை, 200 பக்கம், ஒற்றைக் கோடு. கடைக்கணக்கு எழுத எல்லோரும் வாங்கும் அதே கொப்பிதான். இப்போது பதினொன்று முடிந்து பன்னிரண்டாவது நடக்கிறது. என் நான்கு நாவல்களின் முதல் பிரதிகளும் இவற்றில்தான் இருக்கின்றன. நான்குமே காதலும் மாயமும் கலந்த மலையகக் கதைகள்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து ஐந்தே முக்கால் வரை எழுதுவேன். அதற்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அம்மா அடுப்பு மூட்டித் தரும் பிளேன்டீ ஆறுவதற்குள் முதல் பத்தி வந்துவிட்டால் அன்று இரண்டு பக்கம் நிச்சயம். வராத நாளில் முந்தின நாள் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுவேன். பாதி வழியில் கை தானாக வேறு வாக்கியத்துக்குப் போய்விடும்.

கதையை வலப்பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். இடப்பக்கம் அந்த உலகத்தின் சட்டங்களுக்கு. என் இரண்டாவது நாவலின் நாயகன் பனிமூட்டத்தில் மட்டுமே உருவம் கொள்கிறவன். பனி விலகினால் அவன் இல்லை. இதை இடப்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததால்தான், பதினான்காம் அத்தியாயத்தில் அவனை உச்சி வெயிலில் நிற்க வைத்திருந்தது கண்ணில் பட்டது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அங்கேதான் பிடிபட்டது. கதை, தேயிலைக்கு முன் மலைகளில் காப்பி பயிரிட்ட கோப்பிக் காலத்தில் நடக்கிறது. நானோ 1860இல் நாயகியின் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டிருந்தேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதே 1867இல்தான். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் தெரிய வந்தது. இரண்டு ஆண்டுகளையும் இடப்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டு அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். கொழுந்துக்குப் பதில் கோப்பிப் பழம் வந்தது. துரு நோய், பிரிக்கப்பட்ட காதலர்கள் இட்ட சாபமாயிற்று. மாயக்கதை எழுதுகிறவர்கள்தான் உண்மை ஆண்டுகளில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தரை உறுதியாக இருந்தால்தான் வாசகர் பேயையும் நம்புவார்.

காதலையும் மாயத்தையும் ஏன் சேர்த்து எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்து காமன் கூத்தைப் பார்க்க வேண்டும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து போகிறான். ரதி அழுது மன்றாடுகிறாள். அவன் திரும்பி வருகிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும். சிறுவயதில் அந்த இரவுகளில் அம்மாவின் கம்பளிக்குள் இருந்து பார்த்ததுதான் நான் எழுதும் ஒவ்வொரு கதைக்கும் விதை.

அம்மா முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். இரவில் அன்றைய பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மூன்றாவது நாவலில் நாயகன் மலைப்பூக்களைப் பறித்துவந்து கொடுக்கும் காட்சியைக் கேட்டுவிட்டு, "பூ இருக்கட்டும். அவள் தலையில் அவ்வளவு பாரம் தொங்குகிறதே, கூடையில் அவன் ஒரு கை பிடித்தானா?" என்றார். மறுநாள் காலை பூக்களை அடித்துவிட்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாசலில் அவன் கூடையின் அடியைத் தாங்கிப் பிடிக்கிறான். அவள் கயிற்றைக் கழற்றுகிறாள். நெற்றியில் கயிறு பதிந்த சிவந்த கோட்டை அவன் பார்க்கிறான், பேசவில்லை. அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

இனி குறைகள். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தாள் நமுத்துவிடுகிறது. ஜெல் பேனா மை ஊறிப் பரவுகிறது. பந்துமுனைப் பேனா ஈரத் தாளில் வழுக்குகிறது, குளிரில் மை இறங்கவும் மறுக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பென்சில்தான் எனக்குக் கை கொடுக்கிறது. எழுதாத நேரத்தில் கொப்பி அடுப்புக்கு மேலுள்ள பரணில் இருக்கும். புகை வாசம் ஏறினாலும் தாள் மொறுமொறுவென்று இருக்கும்.

2021இல் கூரைத் தகரம் ஒழுகி ஐந்தாவது கொப்பியில் நாற்பது பக்கங்கள் கரைந்து போயின. நினைவிலிருந்து எழுதி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு காட்சிகள் பழையபடி வரவேயில்லை, இன்றும் வருத்தம்தான். அன்று முதல் எழுதி முடித்ததும் பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்துவிடுகிறேன்.

தொலைபேசியிலேயே எழுதியும் பார்த்தேன், 2020இல் ஆறு மாதம். வேகம் கூடியது. ஆனால் என் பாத்திரங்கள் ஓயாமல் பேசத் தொடங்கினார்கள். மௌனத்துக்கு இடமே இல்லை. காதல் கதையில் அது பெரிய இழப்பு. கொப்பிக்கே திரும்பினேன்.

2022இல் அந்த முடிவுக்காக மகிழ்ந்தேன். நாட்டின் பொருளாதார நெருக்கடியில் மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆறாவது கொப்பியில் எழுதினேன். ஆனால் காகிதத் தட்டுப்பாடும் அதே மாதம்தான் வந்தது. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளி வைத்தார்கள். கொப்பியின் விலை ஏறியபோது ஒரு கோட்டு இடைவெளியில் இரண்டு வரி எழுதினேன், இடப்பக்கத்தையும் கதைக்கே கொடுத்தேன். சட்டங்கள் இல்லாமல் எழுதிய அந்தப் பகுதியைத் திருத்தத்தான் அதிக காலம் ஆனது.

கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது தனி உழைப்பு. நகரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்ததை, இப்போது எல்லாக் கருவிகளிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடந்தன. ஆகையால் இப்போது பள்ளி விடுமுறையில் நானே யூனிகோடில் அடிக்கிறேன். அது இரண்டாம் திருத்தமாகவும் ஆகிவிடுகிறது. மாதத்துக்கு ஒரு நாவல் கொடுக்க வேண்டியவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. எனக்கு ஒரு நாவலுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கொப்பியை நடுவில் விரித்து, நூல் தையல் தெரிகிறதா என்று பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டியவை எங்கள் பக்கத்து ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.