திரைப்பதிவுக்கு ஓபிஎஸ்: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

மென்பொருள் பாடங்களுக்கு வீடியோவும் படக்குறிப்பும் தயாரிப்பது என் அன்றாட வேலை. ஸ்கிரீன்ஷாட்டுக்கும் திரைப்பதிவுக்கும் பல கருவிகளை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் நிலைத்தவை எல்லாமே இலவசமானவை.

சாதாரண ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 5. நீளமான வலைப்பக்கம் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் ரைட் கிளிக் செய்து டேக் ஸ்கிரீன்ஷாட்டைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பக்கத்தையும் எடுத்துவிடலாம். எழுத்து நிறைந்த திரையை பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும், மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தெளிவாகத் தெரியாது.

பதிவுக்கு என் தேர்வு ஓபிஎஸ் ஸ்டூடியோ. 2012-இல் தொடங்கிய திறமூல மென்பொருள். நேர வரம்பு இல்லை, வாட்டர்மார்க் இல்லை. முதலில் திறந்ததும் வெறும் கறுப்புத் திரைதான் தெரியும், பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். சோர்ஸஸ் பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி டிஸ்ப்ளே கேப்சரைச் சேர்த்தால் போதும், திரை வந்துவிடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பதிவை எம்கேவி என்ற வீடியோ கோப்பு வடிவத்தில் சேமிக்கும் வசதி. சாதாரண எம்பி4 கோப்பில் வீடியோவைத் திறக்கத் தேவையான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் அதுவரை பேசியது அத்தனையும் வீண். எம்கேவியில் அந்த நொடிவரை பதிவானது பிழைத்துக்கொள்ளும். பிறகு ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், சில நொடி வேலை.

அடுத்தது ஒலித்தடங்கள். மைக்கை இரண்டாம் தடத்திலும் கணினி ஒலியை மூன்றாம் தடத்திலும் தனித்தனியாக வைப்பேன். பேச்சுக்கு நடுவே நோட்டிஃபிகேஷன் சத்தம் வந்தால் அந்தத் தடத்தில் மட்டும் அதை வெட்டிவிடலாம், மறுபடி பேச வேண்டியதில்லை. முதல் தடத்தில் இரண்டையும் கலந்தே வையுங்கள். பல பிளேயர்கள் அதை மட்டும்தான் ஒலிக்கவிடும்.

பாடங்களுக்கு நொடிக்கு 30 ஃபிரேம் தாராளம். ஆனால் பேஸ் ரெசல்யூஷனும் (திரையின் அளவு) அவுட்புட் ரெசல்யூஷனும் (பதிவாகும் வீடியோவின் அளவு) ஒன்றாக இருக்கட்டும். 1366x768 திரையை 1280x720-க்குச் சுருக்கினால் மெனுவில் உள்ள சின்ன எழுத்தெல்லாம் மங்கிவிடும்.

ஓபிஎஸ்ஸில் எடிட்டிங் கிடையாது, திரையில் அம்பு போடவும் வழியில்லை. அம்பு போட மைக்ரோசாஃப்டின் ஜூம்இட் என்ற சின்னக் கருவியை வைத்திருக்கிறேன்: கண்ட்ரோல் 1 பெரிதாக்கும், கண்ட்ரோல் 2 வரைய விடும்.

மின்னஞ்சல் முகவரி, கணக்கு எண் போன்றவை படத்தில் தெரிந்தால் மங்கலாக்கி விடாதீர்கள், கெட்டியான கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். மங்கலாக்கிய எழுத்தைப் பல நேரம் மீட்டுவிட முடியும். வெட்டி எறிந்ததும் போய்விட்டது என்று நம்பக்கூடாது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் வெட்டி அதே கோப்பில் சேமித்த படங்களில் பழைய பகுதி ஒளிந்திருந்தது 2023-இல் வெளியே வந்தது. அப்டேட் வந்து சரியாகிவிட்டது, ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. முக்கியமானவை இருந்தால் தேடிப் பிடித்து நீக்கிவிடுங்கள்.