உள்ளூர்க் கணக்கா, மைய அடைவா: லினக்ஸ் பயனர் மேலாண்மை குறித்த ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையில் ஒரு சிறிய அலுவலகத்தின் ஐந்து லினக்ஸ் வழங்கிகளை நான் பராமரித்த காலத்தில், ஒவ்வொன்றிலும் பயனரைச் சேர்க்கும் யூசர்ஆட் கட்டளையால் தனித்தனியே கணக்குத் திறப்பதே வழக்கமாக இருந்தது. பொதுக் கோப்புறையொன்றை வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்த அன்றுதான் அதன் குறை தெரிந்தது: கணக்காளரின் சம்பளக் கோப்புகளை கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை பயிற்சியாளர் ஒருவரின் பெயரில் காட்டியது. முதல் வழங்கியில் கணக்காளருக்குரிய 1003 என்ற பயனர் எண், மற்றொன்றில் அந்தப் பயிற்சியாளருக்குப் போயிருந்தது. கோப்பு முறைமை உரிமையாளரின் பெயரைப் பதிவதில்லை, எண்ணை மட்டுமே பதிகிறது. எனவே அக்கோப்புகளைத் திறக்கும் உரிமையும் உண்மையாகவே பயிற்சியாளருக்குக் கிடைத்திருந்தது.

பல வழங்கிகளை ஒரே பட்டியலைக் கொண்டு அமைக்கும் அன்சிபிள் என்ற கருவி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஒருவருக்கு ஒரே எண் என்று பட்டியலில் எழுதிவிட்டால், எல்லா வழங்கிகளிலும் அதுவே அமையும். ஆனால் வேலையை விட்டுச் சென்றவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அழிப்பதால் மட்டும் அவருடைய கணக்கு நீங்கிவிடாது; நீக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். குழுக்களிலும் கவனம் தேவை: கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் சிறிய ஏ (-a) தெரிவை விட்டுவிட்டுப் பெரிய ஜி (-G) தெரிவை மட்டும் கொடுத்தால் பழைய துணைக் குழுக்கள் அனைத்தும் கழன்றுவிடுவதைப் போலவே, அன்சிபிளிலும் சேர்ப்பதற்கான தெரிவைக் குறிப்பிடாவிட்டால் ஒருவர் நிருவாக அதிகாரம் தரும் சூடோ குழுவையே இழக்கக்கூடும்.

எல்லா வழங்கிகளுக்குமான கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஃப்ரீஐபிஏ போன்ற மைய அடைவின் உண்மையான பெறுமதி, ஒருவர் விலகும் நாளில்தான் தெரிகிறது. உள்ளூர்க் கணக்கைக் கடவுச்சொல் பூட்டும் கட்டளையால் மட்டும் மூடினால், பெரும்பாலான அமைப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் அவருடைய எஸ்எஸ்எச் சாவி தொடர்ந்து வேலை செய்யும். கணக்கின் காலாவதித் திகதியையும் கடந்த நாளாக மாற்ற வேண்டும், அதையும் ஐந்து இடங்களில் செய்ய வேண்டும். மைய அடைவில் ஒருமுறை முடக்கினால் போதும். எந்த வழியானாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகளைத் தனியாக முடிக்க வேண்டும்.

அதற்கான விலையும் சிறியதன்று. ஒன்று விழுந்தால் தாங்குவதற்கு இரண்டு அடைவு வழங்கிகளாவது வேண்டும். அடைவு பயன்படுத்தும் அடையாளச் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸுக்காக எல்லாக் கடிகாரங்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகாதிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட கொழும்பில், அடைவுக்கு மின்சாரம் இல்லாத மணித்தியாலங்களையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஏற்கெனவே அந்த இயந்திரத்தில் கடவுச்சொல்லால் நுழைந்தவர்களை அடைவுடன் தொடர்புகொள்ளும் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை தன் சேமிப்பைக் கொண்டு அனுமதிக்கும்; புதியவர் காத்திருக்க நேரும்.

ஆகவே ஐந்தாறு வழங்கிகளும் ஒரே நிருவாகியும் உள்ள இடத்துக்கு அன்சிபிளையே நான் பரிந்துரைப்பேன். ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்துக்கு மைய அடைவு. அடைவை நிறுவிய பின்னரும் ஒவ்வொரு வழங்கியிலும் ஓர் உள்ளூர் நிருவாகக் கணக்கை வைத்து, அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு அலுவலகப் பெட்டகத்தில் பூட்டிவையுங்கள்.