கிராம் ஸ்டெயின் கிட்: மூன்றாவது குப்பியைக் கவனிங்க

பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி, ஊதாவாக நிற்கும் கிராம் பாசிட்டிவ், சிவப்பாகும் கிராம் நெகட்டிவ் என்று பிரித்துப் பார்க்க உதவும் கிட் இது. கிரிஸ்டல் வயலெட் (ஊதாச் சாயம்), அயோடின், நிறநீக்கி, சாஃப்ரானின் (சிவப்புச் சாயம்). தலா 100 மி.லி. வீதம் நான்கு குப்பிகள், கூடவே ஒரு செய்முறைத் தாள். சாயங்களின் தரம் நன்றாகவே இருக்கிறது. சொதப்புவது செய்முறைத் தாள்தான், அதுவும் நிறநீக்கி விஷயத்தில்.

கிரிஸ்டல் வயலெட்டில் அம்மோனியம் ஆக்சலேட் சேர்த்திருக்கிறார்கள், அதனால் சாயம் சீக்கிரம் படிவதில்லை. இருந்தாலும் நாள்பட நின்ற குப்பியின் அடியில் துகள் தங்கும். வடிகட்டாமல் ஊற்றினால், ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் (எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் மைக்ராஸ்கோப் லென்ஸ்) அந்தத் துகள்களைப் பார்த்து உருண்டை பாக்டீரியா என்று எழுதிவிட வாய்ப்புண்டு. பாக்டீரியா ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். துகள் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும்.

அயோடினை வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் கொடுத்திருப்பது கவனக்குறைவு. வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். பழுப்பு வெளுத்து மஞ்சளானால் கொட்டிவிட வேண்டியதுதான். அயோடின் வலுவிழந்தால் சாயத்தோடு சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாக மாறாது. கிராம் பாசிட்டிவ் செல்லும் சாயத்தை விட்டுவிடும்.

நிறநீக்கி இங்கே அசிட்டோனும் எத்தனாலும் கலந்தது. தாளில் "30 விநாடி" என்று போட்டிருக்கிறார்கள். மெல்லிய ஸ்மியருக்கு (ஸ்லைடில் தேய்த்த பாக்டீரியாப் படலம்) அது மிக அதிகம். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் அடர் ஊதாவாக ஓடும், பிறகு வெளிறும். கீழ் விளிம்பில் விழும் சொட்டு நிறமற்று வந்த அந்த நொடியே தண்ணீர் விடுங்கள். இந்தக் கலவையில் இது சில விநாடி வேலை. கிராம் நெகட்டிவின் வெளிச்சவ்வு கரைந்து, மெல்லிய பெப்டிடோகிளைகான் (செல்சுவர்ப் பொருள்) சாயத்தைத் தடுக்க முடியாமல் விட்டுவிடும். பாசிட்டிவின் தடித்த சுவரோ நீரிழந்து இறுகிச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பிடிப்புக்கும் எல்லை உண்டு. கை நிதானப்படும் வரை வெறும் 95% எத்தனால் போதும். மெதுவாகத்தான் வேலை செய்யும், தப்பு நேரும் வாய்ப்பு குறைவு.

மற்றபடி வரிசை வழக்கமானது: வயலெட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், நிறநீக்கி, சாஃப்ரானின் 30 முதல் 60 விநாடி. ஒவ்வொன்றுக்கும் பிறகு மெதுவான நீரோட்டத்தில் அலச வேண்டும்.

தாள் சொல்லாமல் விட்டவை இன்னும் சில. கல்ச்சர், அதாவது வளர்த்தெடுத்த பாக்டீரியா, 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வயதான பேசில்லஸ் (கிராம் பாசிட்டிவ் வகை), சுவர் தளர்ந்து, பாதி ஊதா பாதி சிவப்பாகத் தெரியும். தடித்த ஸ்மியரில் சாயம் அடியில் சிக்கி நெகட்டிவும் ஊதாவாக நிற்கும். சாயமேற்றும் முன் ஸ்மியரை ஒட்டவைக்க, சுடரில் ஸ்லைடை இரண்டு மூன்று முறை கடத்தினால் போதும். புறங்கையில் வைத்தால் சூடு தாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் செல் உருக்குலையும்.

சாயம் சரியாக ஏறியதா என்று சோதிக்கும் கட்டுப்பாட்டு ஸ்லைடு கிட்டில் இல்லை, இது பெரிய குறை. ஒரே ஸ்லைடில் ஒரு ஓரம் ஸ்டாஃபைலோகாக்கஸ் (பாசிட்டிவ்), மறு ஓரம் ஈ.கோலை (நெகட்டிவ்), நடுவில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்கள் சரியாக வராத நாளில் நடுவைப் படிக்கவே கூடாது. செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவையோ மெழுகுச் சுவருள்ள காசநோய்க் கிருமியையோ இந்தக் கிட்டை வைத்துத் தேடாதீர்கள்.

நிறநீக்கிதான் முதலில் தீரும், ஆவியாகவும் போகும். வாங்கும்போதே அதில் மட்டும் கூடுதலாக ஒரு குப்பி கேட்டுவிடுங்கள். மூடி இறுக்கமா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள்.